இருபத்தாறு விநாடி

“ஒரு வார்த்தையைக்கூட நான் மாத்தலை, டீச்சர்” என்றார் செண்பகராமன்.

டீச்சர் வாசலைப் பார்த்தார்.

“அவங்க சொன்னது. அவங்க குரல். எடுத்துப் போட்டது மட்டும்தான் நான். அதுக்கு வாசல்ல நின்னு மண்ணள்ளித் தூத்துறாங்க. இது நியாயமா?”

செண்பகராமனுக்கு வயது அறுபத்தொன்று. பெரிய வானொலி ஒன்றில் முப்பது வருடம் செய்தி வாசித்து ஓய்வு பெற்றவர். அந்தக் குரலுக்கு டீக்கடையில் இன்றும் மரியாதை உண்டு. இப்போது பாட்காஸ்ட் செய்யப் பழக வேண்டும் என்று ஆசைப்பட்டு, உப்பளத்து ஊர் ஒன்றின் சமுதாய வானொலிக்கு வந்திருந்தார்.

அதை நடத்தும் அமலோற்பவத்துக்கு வயது முப்பத்துநாலு. ஊருக்கு அவர் டீச்சர். மகள் வயதுக்காரியிடம் பாடம் கேட்பதில் தனக்கு வெட்கமே இல்லை என்றார் செண்பகராமன். அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டும் இருந்தார்.

நடந்தது இதுதான்.

பேச்சிக்கனியின் கணவர் உப்பளத்தில் மோட்டார் போடப் போய், மின்சாரம் தாக்கிச் செத்தார். வயர் பிய்ந்து கிடப்பதாக இரண்டு முறை சொல்லியிருந்தார்கள். முதலாளி காதில் போட்டுக்கொள்ளவில்லை. பேச்சிக்கனி வழக்குப் போட்டார். கூட உப்பு வாரும் மூன்று பெண்கள் சாட்சி சொல்ல வந்தார்கள். மறுநாளே மூன்று பேருக்கும் வேலை போனது. அப்போதும் அவர்கள் பின்வாங்கவில்லை.

செண்பகராமன் போய்ப் பேச்சிக்கனியைப் பேட்டி எடுத்தார். ‘உப்புக்காற்றின் குரல்’ என்று பெயர் வைத்தார். பெயர் வைப்பதற்கு மட்டும் அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கடைசிக் கேள்வி, வழக்கை வாபஸ் வாங்குவீர்களா என்பது.

ஒலிபரப்பில் பேச்சிக்கனி பட்டென்று பதில் சொன்னார்.

“வாங்குறேன்.”

ஊரே கேட்டது. முதலாளியின் ஆட்கள் அந்தத் துண்டை மட்டும் எடுத்துப் போன் போனாக அனுப்பினார்கள். சாட்சி சொல்ல வந்த மாடத்தி, பேச்சிக்கனி வீட்டு முன்னால் வந்து நின்று, எங்கள் வயிற்றில் அடித்துவிட்டு நீ மட்டும் கரையேறிவிட்டாயா என்று கேட்டுவிட்டுப் போனார். திங்கட்கிழமை வாய்தா. மூன்று பேரும் கோர்ட்டுப் பக்கமே வரமாட்டோம் என்றுவிட்டார்கள். சாட்சி இல்லையென்றால் வழக்கு அவ்வளவுதான். செத்த மனிதர் தன் கவனக்குறைவால் செத்தார் என்று எழுதி முடித்துவிடுவார்கள்.

பேச்சிக்கனி நேராக நிலையத்துக்கு வந்து மண்ணள்ளித் தூற்றினார். பிறகு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

டீச்சர் எழுந்து போய் அவரை உள்ளே கூட்டி வந்தார்.

“என்ன கேக்கணுமோ இவர்கிட்டயே கேளுங்கக்கா.”

பேச்சிக்கனி உட்காரவில்லை. செண்பகராமனைப் பார்த்துக் கேட்டார்.

“நான் எம்புட்டு நேரம் பேசாம இருந்தேன். அது எங்க?”

செண்பகராமன் பொறுமையாக விளக்கினார். வானொலியில் மௌனம் கூடாது. ஐந்து விநாடி சத்தம் வராவிட்டால் கேட்கிறவன் பெட்டி கெட்டுப்போனது என்று தட்டுவான். அவர் வேலை பார்த்த இடத்தில் இதற்கு மெமோவே வரும். ஆகவே வெட்டினார். எல்லோரும் வெட்டுவார்கள்.

“அதுல ஒண்ணுமில்லம்மா. வெறும் காத்து.”

டீச்சருக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவர் குரல் இறங்கிவிடும்.

“வெட்டாததை எடுங்க சார்.”

எடுத்தார். எதையும் அழிக்காமல் வைத்திருப்பது அவருடைய பழைய ஆபீஸ் பழக்கம். ஹெட்போனை மாட்டப் போனார். டீச்சர் அதைப் பிடுங்கி மேசையில் போட்டுவிட்டு, ஸ்பீக்கரைத் திறந்தார்.

கேள்வி வந்தது.

பிறகு பேச்சு இல்லை. காற்று. எங்கோ மோட்டார் ஓடியது. யாரோ உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். பேச்சிக்கனி ஒரு முறை மூச்சை இழுத்துவிட்டார்.

எட்டு விநாடி. பன்னிரண்டு.

பார்த்தீர்களா என்பதுபோல் செண்பகராமன் கையை விரித்தார்.

பதினேழாவது விநாடியில் ஒரு குரல் வந்தது. அது பேச்சிக்கனியின் குரல் இல்லை. முப்பது வருடம் செய்தி வாசித்த குரல்.

“ஏதாவது ஒண்ணு சொல்லுங்கம்மா. எனக்கு பஸ் போயிரும். வாங்குறேன்னு சொன்னாக்கூடப் போதும், முடிச்சிரலாம்.”

மறுபடியும் கொஞ்சம் காற்று.

“வாங்குறேன்.”

இருபத்தாறு விநாடி. டீச்சர் நிறுத்தினார்.

செண்பகராமன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தியமாக அவருக்கு அது நினைவில் இல்லை. பேட்டி எடுப்பவன் நடுவில் பேசியதை வெட்டுவது தொழில் வழக்கம். கை தன்னால் வெட்டியிருந்தது.

“பெரிய மனுசர், வெயில்ல நிக்காரு, பஸ்ஸு போயிரும்ங்காருன்னு சொன்னேன்” என்றார் பேச்சிக்கனி. “நீங்க சொல்லச் சொன்னதும் அதுல வரும்னுல்லா நெனச்சேன். கேக்குறவுக வெளங்கிக்கிடுவாகன்னு. எம்புருசன் செத்ததுக்கு நான் பதில் யோசிக்கக்கூட ஒங்க ரேடியோவுல எடமில்லையா?”

செண்பகராமன் தலையைக் குனிந்துகொண்டார். தலையைக் குனிந்தால் எதுவும் சரியாகிவிடாது.

இப்போது என்ன செய்ய வேண்டும் என்று டீச்சர் பேச்சிக்கனியைக் கேட்டார்.

“எங்க போட்டியளோ அங்கயே போடுங்க. மாடத்தி கேக்கணும்.”

சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடியும் போடுவது என்று முடிவாயிற்று. மணி ஐந்து ஐம்பது. மூன்று சாட்சிகளுக்கும் டீச்சரே போன் செய்தார். இருவர் எடுத்து, கேட்கிறோம் என்றார்கள். மாடத்தி, பேச்சிக்கனி பெயரைக் கேட்டதும் போனை வைத்துவிட்டார். ஆனால் மாடத்தி வீட்டில் ஆறு மணிக்கு ரேடியோ பாடாத நாளில்லை என்றார் பேச்சிக்கனி.

செண்பகராமன் டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். காற்று முழுவதும் இருக்கட்டும். மோட்டார் சத்தம் இருக்கட்டும். ஒரு விநாடி குறைய வேண்டாம். தன்னுடைய அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்துவிட முடியுமா?

“முப்பது வருசத்துப் பேரு, டீச்சர்.”

வெட்கங்கெட்ட கேள்விதான். கேட்டுவிட்டார்.

 டீச்சர் தன் நாற்காலியை இழுத்துப் போட்டார். மைக்கின் முன்னால் அவரை உட்கார வைத்தார். ஆறு மணிக்கு, வெட்டாத பேட்டியைத் தானே ஓடவிட்டார்.

கேள்வி போனது. காற்று போனது. அவர் குரல் ஒரு எழுத்து குறையாமல் போனது. பேச்சிக்கனியின் பதில் போனது.

அந்த நிலையத்தில் ஒவ்வொரு நிகழ்ச்சியின் முடிவிலும், பேசியவர்களின் பெயரை வாசிப்பார்கள். போன வாரம் செண்பகராமன் எழுதி வைத்த தாள் மேசையில் கிடந்தது. டீச்சர் அதை அவர் முன்னால் தள்ளினார்.

மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது.

“இந்த நிகழ்ச்சியில் பேசியவர்” என்று வாசித்தார் செண்பகராமன். “பேச்சிக்கனி, உப்பளத் தொழிலாளி.”

தாளில் அதற்கு மேல் எதுவும் எழுதியிருக்கவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார். டீச்சர் விளக்கை அணைக்கவில்லை. ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேச்சிக்கனி நின்றுகொண்டிருந்தார்.

செண்பகராமன் எச்சிலை விழுங்கினார். அதுவும் ஒலிபரப்பில் போனது.

“‘வாங்குறேன்’ என்று முதலில் சொன்னவர், செண்பகராமன்.”