நாங்கள் காத்த பாஸ்வேர்டு

கோயம்புத்தூர் பீளமேட்டில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நாங்கள் நான்கு பேர் சாஃப்ட்வேர் எழுதுகிறோம். நாச்சிமுத்து, ஜெபராணி, இர்ஃபான், அடியேன். எங்களுக்குச் சேர்த்து ஒரே மூளை. அந்த வாரம் அது லீவில் இருந்தது.

ஒரு பஸ் கம்பெனிக்கு டிக்கெட் தளம் செய்துகொண்டிருந்தோம். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தீபாவளி முன்பதிவைத் திறந்தாக வேண்டும். இல்லாவிட்டால் நால்வருக்கும் வேலை காலி.

எங்களிடம் ஒரு கெட்ட பழக்கம், எல்லாவற்றையும் தனி மெசேஜில் குசுகுசுப்பது. ஒரே பிழையை நான்கு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் நான்கு நாள் திருத்தியிருக்கிறோம். திங்கட்கிழமை எங்கள் மேலாளர் வைதேகி மேடத்துக்குப் பொறுமை போய்விட்டது.

"இனிமே தனி மெசேஜே கூடாது. எதுவா இருந்தாலும் பொதுக் குரூப்புலதான் சொல்லணும்!"

சரி என்றோம். அன்று மதியமே, பக்கத்தில் இருந்த இர்ஃபானின் நாற்காலிக் கால் விரிசல் விடுவதைப் பார்த்தேன். காதில் சொன்னால் அது தனி மெசேஜ் ஆகிவிடாதா? பொதுக் குரூப்பில் விவரமாக எழுதினேன். இர்ஃபான் அதைத் தரையில் கிடந்தபடி படித்துவிட்டு நன்றி போட்டான்.

அடுத்து ஜெபராணி தளத்தின் பாஸ்வேர்டைக் கேட்டாள். நாச்சிமுத்து பொதுக் குரூப்பிலேயே போட்டான். அதில் பஸ் கம்பெனி ஓட்டுநர்கள் நாற்பது பேரும் இருந்தார்கள். மறுநாள் பார்த்தால், எல்லா பஸ்ஸும் கள்ளிமேட்டுப்புதூரில் நிற்கும் என்று தளம் சொன்னது. அது ஓட்டுநர் மயில்சாமி அண்ணனின் மாமியார் ஊர்.

மேடம் தலையில் அடித்துக்கொண்டார். "பாஸ்வேர்டையெல்லாம் தனியா வையுங்கப்பா! தெரிஞ்சே ஆகணும்ங்கிறவங்களுக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்!"

உடனே பொதுக் குரூப்பிலிருந்து அதை அழித்தோம். ஒரு தனிக் குரூப் தொடங்கி அதில் போட்டோம். பிறகு ஆலோசனை நடந்தது.

"எனக்குத் தெரிஞ்சே ஆகணுமா என்ன?" என்று ஜெபராணி வெளியேறினாள்.

"நான் தூக்கத்துல உளறுவேன்" என்று இர்ஃபானும் போனான்.

"பொண்டாட்டி கேட்டா எனக்கு மறைக்க வராதுங்க" என்றான் நாச்சிமுத்து. அவனும் போனான்.

மூன்று பேர் இவ்வளவு தியாகம் செய்தபின் நான் மட்டும் ஒட்டிக்கொண்டிருப்பது எனக்கே வெட்கமாக இருந்தது. நானும் வெளியேறினேன். ரகசியம் ஆயிற்றே என்று அதை மறக்கவும் பாடுபட்டோம். எங்கள் வாழ்க்கையில் முதல் முயற்சியிலேயே வெற்றி பெற்ற ஒரே வேலை அதுதான்.

வெள்ளிக்கிழமை மணி ஒன்பது ஐம்பது. பாஸ்வேர்டு தனிக் குரூப்பில் பத்திரமாக இருந்தது. குரூப்பில்தான் யாரும் இல்லை. அது இல்லாமல் முன்பதிவைத் திறக்க முடியாது. பொதுக் குரூப்பில் கேட்டோம்: "யாருக்காவது பாஸ்வேர்டு தெரியுமா?"

மயில்சாமி அண்ணன் பதில் போட்டார். "ஏனுங் தம்பி, நீங்க அன்னிக்குப் போட்டதை நான் எழுதி வச்சிருக்கேனுங்க. தரட்டுங்களா?"

"அது வேண்டாங்கண்ணா. அதை நாங்க ஒளிச்சு வச்சுட்டோம்."

"ஒளிச்சீங்க, சரி. மாத்துனீங்களா?"

மாற்றச் சொல்லி யாரும் சொல்லவில்லையே.

அண்ணன் அனுப்பினார். சரியாகப் பத்து மணிக்கு முன்பதிவு திறந்தது. வேலை தப்பியதில் ஜெபராணி அழுதேவிட்டாள்.

அப்புறம் நான்கு பேரும் அண்ணனுக்குத் தனித்தனியே தனி மெசேஜ் அனுப்பினோம்: "கோடி நன்றிங்கண்ணா. ஆனா இது ரகசியம். இனிமே யார் கேட்டாலும் சொல்லிடாதீங்க. நாங்களே கேட்டாலும்."