குச்சியில் வந்த இலை

"நான் எப்போது போதிக்கலாம், அம்மா?" என்று கேட்டார் அழகர்சாமி.

அவருக்கு அறுபத்து மூன்று வயது. தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். குருவான தவமணி அம்மைக்கோ நாற்பதுகூட நிறையவில்லை.

மலையடிவாரத்து மடத்துக்கு அழகர்சாமி பாடம் கேட்க வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அதற்குள் சொந்த ஊரார் அவர் பேசுவதற்கென்றே ஒரு கூடம் கட்டி முடித்துவிட்டார்கள்.

அம்மை திராட்சைப் பந்தலில் கவாத்து செய்துகொண்டிருந்தார். வெட்டி விழுந்த குச்சிகளில் பத்தைப் பொறுக்கிக் கொடுத்தார்.

"நட்டு வையுங்கள், ஐயா. பிழைத்துவிட்டது என்று உறுதியானதும் ஒன்றைக் கொண்டுவந்து காட்டுங்கள். அன்றே புறப்படலாம்."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவேதான்."

அழகர்சாமி பைகளில் மணல் கலந்த மண்ணை நிரப்பிக் குச்சிகளை ஊன்றினார். காலையும் மாலையும் குனிந்து குனிந்து பார்த்தார்.

மடத்தில் சமைக்கும் பேச்சியம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"என்ன சார், குச்சிக்கெல்லாம் அட்டெண்டன்ஸ் எடுக்குறீங்களா?"

பதினைந்தாம் நாள் பத்துக் குச்சிகளிலும் இளம்பச்சை இலைகள் விரிந்திருந்தன.

அழகர்சாமிக்குக் கால் தரையில் பாவவில்லை. உடனே ஊருக்குச் சொல்லி அனுப்பினார். மறுநாள் காலை அவரை அழைத்துப் போகக் கார் வந்து நின்றது.

ஒரு பையை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு அம்மையிடம் விரைந்தார்.

"பாருங்கள், அம்மா! மூன்று இலை!"

"அழகாக இருக்கிறது. பிடுங்குங்கள்."

"பிடுங்குவதா?"

"மெதுவாக."

குச்சி வழுக்கிக்கொண்டு வந்தது. அடிமுனையில் மருந்துக்குக்கூட ஒரு வேர் இல்லை.

அழகர்சாமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வருத்தத்தை முந்திக்கொண்டு வியப்பு வந்தது.

"வேரே இல்லையே! பிறகு இந்த இலை எங்கிருந்து வந்தது?"

அம்மை எழுந்து சென்று, பந்தல் முழுவதும் படர்ந்திருந்த தாய்க்கொடியின் தண்டில் கை வைத்தார்.

"வெட்டும்போதே குச்சிக்குள் இருந்த சத்து, ஐயா."

"அது எத்தனை நாள் தாங்கும்?"

"இலை வாடும் வரை."

"அப்படியானால் மற்ற ஒன்பதும்?"

"தெரிந்துகொள்ள அவற்றையும் பிடுங்கப் போகிறீர்களா?"

அழகர்சாமி குச்சியைக் கீழே வைத்துவிட்டுப் பைகள் இருந்த பக்கம் நடந்தார்.

சற்று நேரம் கழித்து, காரில் வந்தவர் அவரைத் தேடிக்கொண்டு தோட்டத்துக்கு வந்தார்.

"சார், கூடம் நிறைஞ்சு போச்சாம். ஊரே காத்துக் கிடக்கு. போன் மேல போன் வருது. நான் என்ன சொல்ல?"

அழகர்சாமி ஒன்பது பைகளையும் ஒவ்வொன்றாக வெயில் படாத இடத்துக்கு நகர்த்திக்கொண்டிருந்தார்.

"இலைதான் வந்திருக்கிறது என்று சொல்லுங்கள்."