கரிச்சானும் ஒற்றைப் பேச்சுச் சட்டமும்

ஒரு காட்டில், ஆறு வளைந்து திரும்பும் இடத்தில், அஞ்சனி என்ற கரிச்சான் குருவி தன் மூன்று குஞ்சுகளோடு வாழ்ந்தாள். பளபளக்கும் கறுப்புச் சிறகும் பிளந்த வாலும் அவளுக்கு அழகுதான். ஆனால் காட்டில் அவளுக்குப் பேர் வாங்கித் தந்தது அவளுடைய நாக்கு.

யானை அரசரின் அவைக்குப் போனால் நிறுத்தி நிதானமாக அவைப்பேச்சுப் பேசுவாள். "வணங்குகிறேன், வேந்தே! கீழ்த்திசையில் மூங்கில் தளிர்த்திருக்கிறது" என்பாள். அங்கிருந்து ஆற்றுத்துறைக்கு வந்ததும், எல்லாப் பிராணிகளும் கலந்து பேசும் துறைப்பேச்சு வாயில் வந்துவிடும். "என்னக்கா, தண்ணி இன்னிக்கு இப்படிக் கலங்கிக் கிடக்கு?" என்று எருமையைக் கேட்பாள். மானைத் தனியே கண்டால் மான்பேச்சு. குரங்கைக் கண்டால் குரங்குப்பேச்சு. கூட்டுக்குள் நுழைந்துவிட்டாலோ, குஞ்சுகளோடு கீச்சுக் கீச்சென்று குருவிப்பேச்சுதான்.

இது அமைச்சர் நாரைக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஒற்றைக் காலில் நின்று, கழுத்தைக்கூட வளைக்காமல் பேசுகிறவர் அவர்.

"வேந்தே! இடத்துக்கு ஒரு பேச்சுப் பேசுகிறவள், ஆளுக்கு ஒரு பொய் சொல்ல மாட்டாளா? காடு முழுவதற்கும் அவைப்பேச்சு ஒன்றே போதும். மீறுவோர் காட்டை விட்டு வெளியேறட்டும்!"

யானை அரசர் நல்லவர். ஆனால் யோசிப்பதற்குள் தலையை ஆட்டிவிடுவார்.

"ஆகட்டும்" என்றார். சட்டம் வந்துவிட்டது.

அன்றிலிருந்து ஆற்றுத்துறை ஊமையாகிப் போனது. எருமை வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் பேசாமல் போனது. குரங்குகளுக்குச் சிரிப்பே வரவில்லை. அஞ்சனியோ கூட்டில் புழுவை நீட்டி, "செல்வங்களே, உண்பீர்களாக!" என்றாள். குஞ்சுகள் வாயைத் திறக்காமல் அவளையே முழித்துப் பார்த்தன.

மழைக்காலம் வந்தது. ஒருநாள் பிற்பகலில் மலைப்பக்கம் பறந்த அஞ்சனி திடுக்கிட்டாள். மரங்களைப் பெயர்த்து உருட்டிக்கொண்டு, செந்நிறமாய்ப் பெருவெள்ளம் இறங்கி வந்துகொண்டிருந்தது!

ஆற்றுத்துறைக்கு விரைந்தாள். அங்கே மான்களும் எருமைகளும் நீர் குடித்துக்கொண்டிருந்தன. குரங்குகள் தாழ்ந்த கிளைகளில் உட்கார்ந்திருந்தன. ஆற்று நடுவே மணல்திட்டில், அரசரின் குட்டி மொட்டு சேற்றில் புரண்டுகொண்டிருந்தது.

"குடிமக்களே, கேளுங்கள்! மேல்மலையினின்று பெருவெள்ளம் விரைந்து வருகின்றது. அனைவரும் மேட்டு நிலம் செல்வீர்களாக!" என்று அஞ்சனி கூவினாள்.

உடனே எல்லாப் பிராணிகளும் தலையைக் குனிந்து அப்படியே நின்றன. அவைப்பேச்சைக் கேட்டால் அடக்கமாக நிற்பதுதானே அவற்றுக்குப் பழக்கம்!

"ஏதோ அறிவிப்பாம். முடியற வரைக்கும் அசையாதே" என்று எருமை தன் கன்றிடம் கிசுகிசுத்தது.

அஞ்சனி தன் கூட்டை நினைத்தாள். சட்டத்தை மீறினால் காட்டை விட்டுப் போக வேண்டும். குஞ்சுகளுக்கு இன்னும் பறக்கத் தெரியாது. ஒரு கணம் தயங்கினாள். அதற்குள் தூரத்தில் வெள்ளத்தின் இரைச்சல் கேட்டது.

போவதானால் போகிறோம் என்று துணிந்துவிட்டாள்.

"கியாவ்! கியாவ்!" என்று மான் குரலில் அலறினாள். மான்கள் நாலுகால் பாய்ச்சலில் மேடேறின. "கக்கர்! கக்கர்!" என்று குரங்குக் குரலில் கத்தினாள். குரங்குகள் உச்சிக்கிளைக்குத் தாவின. "அக்கா, வெள்ளம் வருது! கன்னுக்குட்டிய முன்னாடி தள்ளிட்டு ஓடு!" என்றாள் எருமையிடம். எருமைகள் கரையேறி ஓடின.

மொட்டு மட்டும் அசையவில்லை. "ஏய் மொட்டு, வெளிய வா!" என்று அஞ்சனி அதன் காதருகே பறந்து கத்தினாள். அதுவோ விளையாட்டென்று நினைத்து அவள் மீது தண்ணீரைப் பீச்சியடித்தது. யானைகளின் வீட்டுப்பேச்சு வயிற்றுக்குள்ளிருந்து எழும் உறுமல். அது ஒரு கைப்பிடிக் குருவிக்கு வருமா?

அவைக்குப் பறந்தாள். வாசலில் நாரை மறித்தார்.

"துறையில் நீ கத்தியது என் காதிலும் விழுந்தது! சட்டத்தை மீறிவிட்டு இங்கேயே வருகிறாயா?"

அஞ்சனி அவர் காலுக்கடியில் புகுந்து அரசர் முன் போய் இறங்கினாள். மூச்சு வாங்கியது. ஆனாலும் சிறகை ஒடுக்கி வணங்கி, ஒவ்வொரு சொல்லாகத் தெளிவாகச் சொன்னாள்.

"வேந்தே! வெள்ளம் வருகின்றது. இளவரசர் ஆற்று நடுவே இருக்கின்றார்."

சொல்லி முடிப்பதற்குள் அரசர் எழுந்து ஓடினார். தரை அதிர்ந்தது. கரைக்கு வந்ததும் வயிறு குலுங்க உறுமினார்.

"டேய் மொட்டுக்கண்ணு! அப்பாகிட்ட வாடா! ஓடி வாடா ராசா!"

அந்தக் குரலைக் கேட்டதும் மொட்டு வாலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது. அரசர் துதிக்கையால் அதைச் சுற்றி மேட்டுக்கு இழுத்த அதே நொடியில், மணல்திட்டு வெள்ளத்தில் காணாமல் போனது.

நாரை மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "வேந்தே... தாங்கள் இப்போது பேசியது..."

"வீட்டுப்பேச்சு" என்றார் அரசர். குட்டி அவர் கால்களுக்கிடையே ஒட்டிக்கொண்டு நின்றது. "சட்டப்படி முதலில் நான்தானே காட்டை விட்டுப் போக வேண்டும்?"

நாரை காலை மாற்றி நின்றார்.

அரசர் அஞ்சனியிடம் திரும்பினார். "துறையில் ஒரு பேச்சு, என்னிடம் ஒரு பேச்சு. எதில் நீ பொய் சொன்னாய்?"

"எதிலும் இல்லை, வேந்தே. சேதி ஒன்றுதான். கேட்ட காதுகள்தாம் வேறு வேறு."

அரசர் இந்த முறை நன்றாக யோசித்தார். பிறகுதான் தலையை ஆட்டினார். அன்றே சட்டம் நீங்கியது. அஞ்சனி, உயர்ந்த மரத்தில் பத்திரமாக இருந்த தன் கூட்டுக்குப் பறந்தாள்.

வெள்ளம் வடிந்தபின் ஆற்றுத்துறையில் பழைய கலகலப்பு திரும்பியது. ஒருநாள் காலையில் நாரையே அங்கு வந்தார். வழியில் எருமை படுத்திருந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அக்கா... கொஞ்சம்... நகர்றியளா?" என்றார்.

குரங்குகள் விழுந்து விழுந்து சிரித்தன. எருமையும் சிரித்தது. சிரித்துக்கொண்டே எழுந்து, "வாங்க நாரையாரே, இங்கதான் மீன் நிறையக் கிடக்கு" என்று வழிவிட்டது.

நீதி: இடமும் ஆளும் அறிந்து பேசும் பேச்சே உண்மையைக் கேட்பவர் மனத்தில் கொண்டு சேர்க்கும்.