இரண்டாம் முழுக்கு

கோயம்புத்தூரில் தவமணி என்றொருவர். தண்ணீர் மோட்டார்களுக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுவது அவர் தொழில். ஆறு வருடங்களுக்கு முன் மார்மன் என்ற கிறிஸ்தவ சபையில் சேர்ந்தவர்.

அந்தச் சபையில் பிள்ளைகளுக்கு எட்டு வயது நிரம்பியதும் ஞானஸ்நானம் கொடுப்பார்கள். அதற்குப் பாதிரியார் என்று தனியாக யாரும் வேண்டியதில்லை. ஆசாரியத்துவம் என்னும் சபைப் பொறுப்பைப் பெற்ற தகப்பன் இருந்தால், அவரே தன் பிள்ளையைத் தண்ணீரில் முழுக்கி எடுக்கலாம்.

தவமணியின் மகள் சுடர்விழிக்கு அந்த வாரம் எட்டு வயது நிரம்பியது. சனிக்கிழமை முழுக்கு என்று நாள் குறித்தாயிற்று.

புதன்கிழமை அவள் இரண்டு புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒன்று அந்தச் சபையார் பைபிளோடு சேர்த்து வேதமாகப் படிக்கும் மார்மன் புத்தகம், சபையில் கொடுத்த புதுப் பதிப்பு. மற்றது தவமணி உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில் ஆசையாக வாங்கி வைத்திருந்த அதன் பழைய ஆங்கிலப் பதிப்பு. ஞாயிறு வகுப்பில் படிக்கச் சொன்ன வசனத்தை இரண்டிலும் விரல் வைத்துக் காட்டினாள்.

"அப்பா, இதுல மனசு திருந்தினவங்க தூய்மையாவாங்கன்னு போட்டிருக்கு. இதுல வெள்ளையாவாங்கன்னு போட்டிருக்கு. முழுகினா நான் வெள்ளையாயிடுவேனா?"

"நிறமெல்லாம் மாறாது கண்ணு. நீ என் நிறம்."

"உங்களுக்குத் தெரியாது. புத்தகத்துலயே இருக்கு!"

அவள் குரலில் இருந்த சந்தோஷம்தான் தவமணியைக் கலக்கியது. பள்ளிக்கூடத்தில் அவளைத் 'தார் டின்' என்று கூப்பிடுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

அன்று மாலையே இரண்டு புத்தகங்களையும் பையில் போட்டுக்கொண்டு அல்போன்ஸைத் தேடிப் போனார். அல்போன்ஸ் வார நாட்களில் கார் ஓட்டக் கற்றுக் கொடுப்பவர். ஞாயிற்றுக்கிழமை சபையில் வேதம் கற்றுக் கொடுப்பவர். தவமணியை விட நான்கு வயது இளையவர். ஆனாலும் ஆசிரியர் ஆசிரியர்தானே.

"வாங்க பிரதர். முகம் என்ன, காயில் கருகின மாதிரி இருக்கு?"

தவமணி புத்தகங்களைக் கார் பானெட் மீது விரித்து வைத்தார்.

"இந்த வார்த்தையை எதுக்குங்க மாத்தினாங்க?"

அல்போன்ஸ் இரண்டையும் பார்த்தார். "ஆரம்பத்துலயே ஒரு பதிப்புல தூய்மைன்னு திருத்தியிருந்துச்சாம். அது நடுவுல விட்டுப்போச்சாம். நாம பொறக்கறதுக்கு முந்தி மறுபடி சேர்த்தாங்க. சபையில அப்படித்தான் சொல்றாங்க."

"தோல் கறுத்ததைச் சாபத்தோட சேர்த்துச் சொல்ற இடம்?"

"அது அப்படியே இருக்கு."

"ஆப்பிரிக்க வம்சத்துக்காரங்களுக்கு ஆசாரியத்துவம் கிடையாதுன்னாங்களாமே?"

"நூறு வருஷத்துக்கு மேல அப்படிச் சொன்னாங்க. அப்புறம் கொடுத்தாங்க. அன்னிக்குச் சொன்ன காரணத்தையெல்லாம் இன்னிக்குச் சபையே தள்ளிடுச்சு."

"பட்டுப் பட்டுனு சொல்றீங்களே, கூச்சமா இல்லீங்களா?"

"இருக்குங்க. மென்னு முழுங்கினா இன்னும் கூச்சமா இருக்கும்."

தவமணியின் குரல் உயர்ந்தது. "கடவுள் வார்த்தைன்னா எதுக்குத் திருத்தணும்? திருத்த வேண்டியதுன்னா அது எப்படிக் கடவுள் வார்த்தை? என் பொண்ணுக்கு நான் என்னன்னு சொல்றது?"

அல்போன்ஸ் புத்தகங்களை மூடிப் பைக்குள் வைத்தார்.

"சனிக்கிழமை முழுக்குத் தொட்டியை நிரப்பி வெக்கறேன். வேண்டாம்னு தோணுச்சுன்னா சொல்லுங்க. நானே தண்ணியை வடிச்சு விட்டுடறேன்."

"இது பதிலாங்க?"

"இல்லீங்க."

சனிக்கிழமை வந்தது. வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு சுடர்விழி தொட்டியின் படியில் நின்றாள். தவமணி அவள் உயரத்துக்குக் குனிந்தார்.

"எதுக்குக் கண்ணு முழுகறே?"

"இயேசு முழுகினாரு. அதனால நானும்."

வகுப்பில் சொல்லிக் கொடுத்த பதில். தவமணிக்கு மனம் கொஞ்சம் லேசாயிற்று. அவளைக் கைப்பிடித்து இடுப்பளவு தண்ணீரில் இறக்கினார்.

இதில் அந்தச் சபைக்கு ஒரு கண்டிப்பு உண்டு. முழுக்கும்போது சொல்லும் ஜெபத்தில் ஒரு வார்த்தைகூடப் பிசகக் கூடாது. முழுகும்போது உடம்பில் ஒரு விரல்நுனிகூடத் தண்ணீருக்கு மேல் தெரியக் கூடாது. இரண்டு சாட்சிகள் பக்கத்தில் நின்று கவனிப்பார்கள். அன்று ஒரு சாட்சி அல்போன்ஸ். இன்னொரு சாட்சி சுடர்விழியின் அம்மா பூங்கோதை.

தவமணி வலது கையை உயர்த்தினார். மகளின் முழுப் பெயரைச் சொன்னார். ஜெபத்தைச் சொன்னார். அவளைச் சாய்த்து முழுக்கி எடுத்தார்.

எழுந்தவள் முகத்தைக்கூடத் துடைக்கவில்லை. இரண்டு கைகளையும் கண்ணுக்கு நேரே பிடித்தாள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

தவமணியும் அந்தக் கைகளைப் பார்த்தார்.

"மறுபடியும்" என்றார் அல்போன்ஸ்.

சுடர்விழி கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். "நான் வெள்ளையா மாறலைன்னா மறுபடியும்?"

பூங்கோதை வாயைப் பொத்திக்கொண்டாள். அல்போன்ஸ் பேன்ட்டை மடித்து விட்டுக்கொள்ளவும் இல்லை. அப்படியே படியிறங்கித் தண்ணீருக்குள் வந்து அவள் எதிரே நின்றார்.

"இல்ல கண்ணு. நீ நல்லாத்தான் முழுகினே. ஒரு முடிகூட வெளிய தெரியல. உங்கிட்ட ஒரு குறையும் இல்ல. ஜெபத்துல ஒரு வார்த்தை பிசகிடுச்சு. தப்பு சொன்னவர் மேல."

"அப்பாவா?"

"ஆமா."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அவரு தப்பாச் சொன்னதுக்கு நான் எதுக்கு மறுபடி முழுகணும்? எனக்குத்தானே மூக்குல தண்ணி போச்சு?"

"நியாயந்தான். மன்னிச்சுக்க கண்ணு."

"அந்தப் பழைய புத்தகம்?"

"அதுலயும் தப்பு சொன்னவங்க மேலதான்."

"அப்ப யாரு மூக்குல தண்ணி போச்சு?"

அல்போன்ஸ் தண்ணீரிலேயே குனிந்து அவள் கண்ணைப் பார்த்தார்.

"நிறைய பேருக்குப் போச்சு கண்ணு. உனக்குப் போதும்னா ஏறி வந்துடு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

சுடர்விழி படியைப் பார்த்தாள். தண்ணீரைப் பார்த்தாள். பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு தகப்பன் பக்கம் திரும்பினாள்.

"இந்தத் தடவை சரியாச் சொல்லுங்கப்பா."

தவமணி கையை உயர்த்தினார். ஒவ்வொரு வார்த்தையையும் எண்ணி எண்ணிச் சொன்னார்.