வட்டி யாரைச் சேரும்?

வேங்கைமலை நாட்டில் படிக்க வசதியில்லாதவர்களுக்கு அரண்மனையே கடன் கொடுத்தது. அதில் இரண்டு வகை. ஏழை மாணவருக்கு நிழல் கடன்: படிப்பு முடியும் வரை வட்டியை அரண்மனை ஏற்கும். மற்றவருக்கு வெயில் கடன்: வாங்கிய அன்றே வட்டி முளைத்துவிடும்.

வைத்தியம் படிக்க வந்த செவ்வந்தி பரம ஏழை. ஆனாலும் பொக்கிஷக்காரர் தாண்டவராயர் வெயில் ஓலையைத்தான் நீட்டினார். "இரண்டும் ஒன்றுதான் அம்மா" என்றார். அவளும் நம்பிக் கையெழுத்திட்டாள்.

படிப்பு முடிய ஒரு மாதம் இருந்தபோது அவளைச் சபையில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"வாங்கியது நூறு பணம், அரசே. வட்டி முப்பது. இன்றைக்குக் கட்டாவிட்டால் பாடசாலையை விட்டு நீக்க வேண்டும்."

விகடகவி நாகலிங்கத்துக்குச் சங்கதி புரிந்துவிட்டது. ஏழைப் பெண் கையில் வெயில் ஓலை எப்படி வந்தது? நேராகக் கேட்டால் மனிதர் மழுப்புவார். அதனால் சுற்றி வளைத்துப் போனார்.

"ஓலையைப் படியும், தாண்டவராயரே."

"'வாங்கிய நாள் முதல் வட்டி மாணவரைச் சேரும்.' நானே எழுதியது. எழுத்துக்கு எழுத்து இதுதான் சட்டம்."

"மாறாதே?"

"ஒரு புள்ளிகூட மாறாது."

"நல்லது. உம் சம்பளம் யாரைச் சேரும்?"

"என்னைத்தான் சேரும்."

"சேர்ந்தால் கட்டுவீரா, வாங்குவீரா?"

"இது என்ன கேள்வி? வாங்குவேன்."

"அப்படியானால் செவ்வந்தியும் வாங்கட்டும். வட்டி மாணவரைச் சேருமாம். முப்பது பணத்தை எண்ணிக் கொடும்."

சபை சிரித்தது. தாண்டவராயர் ஓலையைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"சேரும் என்றால்... அவள் தலையில் சேரும் என்று பொருள், அரசே."

மன்னர் நாகலிங்கத்தைப் பார்த்தார். "இந்தப் பெண்ணுக்கு என்ன சொத்து இருக்கிறது?"

"ஓர் ஆடு, அரசே. அதுவும் பக்கத்து வீட்டுக்காரருடையது."

மன்னருக்கு விளங்கிவிட்டது. "செவ்வந்திக்கு நிழல் ஓலை கொடும். வட்டியை அரண்மனை ஏற்கும். நூறு பணத்தை வைத்தியரான பிறகு கட்டுவாள். மற்ற ஓலைகளையெல்லாம் படிப்பவருக்குப் புரியும்படி நீரே திருத்தி எழுதும்."

தாண்டவராயர் மெல்லக் கேட்டார்: "நானூறு ஓலை, அரசே. எழுத்துக்கூலி யாரைச் சேரும்?"

"உம்மைச் சேரும்."

அவர் முகம் மலர்ந்தது.

"யார் அகராதிப்படி, அரசே?" என்றார் நாகலிங்கம்.

"அவர் அகராதிப்படிதான்" என்று விழுந்து விழுந்து சிரித்த மன்னர், தம் மோதிரத்தைக் கழற்றி நீட்டினார். "இது உம்மைச் சேரும், நாகலிங்கம். உம் அகராதிப்படி."