சவரிமுத்து இடைவெளியை ஒழித்த கதை

குருவுக்கு வயது இருபத்தொன்பது. சீடருக்கு ஐம்பத்திரண்டு.

குருவின் பெயர் நஸ்ரீன் பானு. தென்காசியில், பார்வையில்லாதவர்களுக்காகப் பாடங்களை ஒலியாகப் பதிந்து வைத்திருக்கும் சிறிய நூலகம் ஒன்றில் கணினிகள் எல்லாம் அவள் பொறுப்பு. சீடர் சவரிமுத்து பேருந்து நிலையத்தில் இருபத்தெட்டு வருஷம் நேரம் குறித்தவர். பஸ் இரண்டு நிமிஷம் பிந்தினாலும் டிரைவர் முகத்தைப் பார்க்காமல் சிவப்பு மையில் எழுதுகிற ஆள்.

விருப்ப ஓய்வு வாங்கியதும், இனி புரோகிராம் எழுதப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார். வீட்டில் சிரித்தார்கள். நஸ்ரீன் சிரிக்கவில்லை. பக்கத்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அன்றிலிருந்து அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

ஒரு வியாழக்கிழமை காலை சவரிமுத்துவின் முதல் புரோகிராம் ஓடியது. பழைய பதிவுகளை அழித்து இடம் உண்டாக்குவது அதன் வேலை. அழிக்க வேண்டிய ஃபோல்டரின் பெயர் 'தேர்வு பழையது'. இரண்டு சொல், நடுவில் ஓர் இடைவெளி.

நமக்கு அது ஒரே பெயர். கணினியோ இடைவெளியைக் கண்டதும் பெயர் முடிந்தது என்று எடுத்துக்கொண்டது. முதலில் 'தேர்வு' என்ற ஃபோல்டரைத் தேடிப்போய் அழித்தது. பிறகு 'பழையது' என்று ஒன்றைத் தேடி, அப்படி எதுவும் இங்கே இல்லையே என்று கையை விரித்தது. அழிய வேண்டியது பத்திரமாக இருந்தது. இருக்க வேண்டியது போய்விட்டது.

போனது இசக்கியம்மாளுடையது.

இசக்கிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. அரசு வேலைத் தேர்வுக்காக இரண்டு வருஷமாகத் தன் குரலிலேயே குறிப்புகள் பேசிப் பதிந்து, 'தேர்வு' ஃபோல்டரில் வைத்திருந்தாள். வேண்டாததை 'தேர்வு பழையது' என்று பெயர் போட்டு ஒதுக்கியவளும் அவள்தான். தேர்வு ஞாயிற்றுக்கிழமை. இது மூன்றாவது தடவை. இந்தத் தடவையும் கிடைக்கவில்லை என்றால் வீட்டோடு இருந்துவிடு என்று அவள் அப்பா சொல்லியிருந்தார்.

சவரிமுத்து நஸ்ரீனிடம் ஓடினார்.

நஸ்ரீன் ஒரு வார்த்தை திட்டவில்லை. அலமாரியைத் திறந்தாள். முந்தின நாள் சாயங்காலம் நகலெடுத்து வைத்த வட்டை எடுத்துச் செருகினாள். மதியச் சாப்பாட்டுக்குள் எல்லாம் திரும்பி வந்தது.

உயிர் வந்த பிறகுதான் சவரிமுத்துவுக்குக் கோபமும் வந்தது.

"இது யார் தப்பு டீச்சர்? ஒத்தப் பேரை ரெண்டா உடைச்ச மிஷின் தப்பா? பேருக்கு நடுவுல இடைவெளி விட்ட பிள்ளை தப்பா?"

"ஓட்டுறதுக்கு முந்தி சோதிச்சுப் பாத்தியளா அண்ணாச்சி?"

"பாத்தேனே. 'சோதனை'ன்னு ஒரு ஃபோல்டர் போட்டு அழிச்சுப் பாத்தேன். கச்சிதமாப் போச்சு."

'சோதனை' ஒற்றைச் சொல், நடுவில் இடைவெளியே இல்லை. நஸ்ரீன் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"சரி. போய்ச் சாப்பிட்டு வாங்க."

மறுநாள் அவள் ஒரு கல்யாணத்துக்காகக் கடையநல்லூர் போய்விட்டாள். சவரிமுத்து தனியாக உட்கார்ந்து யோசித்தார். இடைவெளி இருப்பதால்தானே இத்தனை வம்பு? ஒழித்துவிட்டால் போகிறது. இசக்கி பயன்படுத்தும் இருநூற்றுப் பதினான்கு ஃபோல்டர்களின் பெயர்களிலும், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் இருந்த வெற்றிடத்தை எடுத்துவிட்டு, அங்கே அண்டர்ஸ்கோர் என்கிற சின்ன அடிக்கோட்டைப் போட்டார். சங்கிலியில் கோத்ததுபோல் பெயர்கள் வரிசையாக நின்றன. பார்க்கவே திருப்தியாக இருந்தது.

அதோடு விட்டாரா? ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினார்: 'ஃபோல்டர் பெயரில் இடைவெளி விடக் கூடாது. மீறினால் நிர்வாகம் பொறுப்பல்ல.' அதைப் படிக்க வேண்டியவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கண் தெரியாது என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை.

சனிக்கிழமை நஸ்ரீன் வரும்போது பதினோரு மணி. சவரிமுத்து வாசலுக்கே போய் விஷயத்தைச் சொன்னார். பாராட்டை எதிர்பார்த்து நின்றார் என்றே சொல்ல வேண்டும்.

நஸ்ரீன் சுவரில் இருந்ததைப் படித்தாள். மூலையில், காதில் ஹெட்ஃபோனோடு உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இசக்கியிடம் போய், என்ன தேடுகிறாய் என்று கேட்டாள்.

"அண்ணாச்சி, இங்க வாங்க. இசக்கி இடத்துல உக்காருங்க. அவளுக்குப் பாண்டியர் காலம் வேணுமாம், எடுத்துக் குடுங்க."

"இதென்ன பெரிய காரியம்?"

அவர் உட்கார்ந்ததும் நஸ்ரீன் திரையை அணைத்தாள். ஹெட்ஃபோனை அவர் காதில் மாட்டினாள்.

"டீச்சர், ஒண்ணுமே தெரியலயே."

"அவளுக்கும் தெரியாதுல்லா? கீழ் அம்புக்குறிய அமுக்குங்க. ஒவ்வொரு பேரா வாசிக்கும்."

அமுக்கினார். கணினி மூச்சுவிடாமல் வாசித்தது. "இந்திய அண்டர்ஸ்கோர் வரலாறு அண்டர்ஸ்கோர் நான்கு அண்டர்ஸ்கோர் சோழர் அண்டர்ஸ்கோர் காலம்." அடுத்தது. "இந்திய அண்டர்ஸ்கோர் அரசியல் அண்டர்ஸ்கோர்..." பாண்டியரைத் தேடிப் போனவருக்குக் கோடுதான் கேட்டது. முன்னே போனார், பின்னே வந்தார். பாண்டியர் கண்ணிலும் படவில்லை, காதிலும் விழவில்லை. ஐந்து நிமிஷத்தில் சட்டைக் காலர் நனைந்துவிட்டது.

"இசக்கி, இதைக் கொஞ்சம் மெதுவா வாசிக்க வைக்கக் கூடாதா?"

"மெதுவா வச்சா ஒரு பாடம் தேடவே ஒரு பொழுது போயிரும் அண்ணாச்சி. நாங்க எல்லாரும் வேகமாத்தான் கேப்போம். வார்த்தைக்கு நடுவுல இத்துணூண்டு நிறுத்தம் இருந்தாப் போதும், பிடிச்சிருவோம்."

"இப்ப?"

"காலையில எட்டு மணியில இருந்து அண்டர்ஸ்கோர்தான் படிச்சிட்டிருக்கேன். நாளைக்கு அதுல கேள்வி வந்தா முழு மார்க்கு."

சவரிமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றினார்.

"இன்னைக்கு எத்தனை பாடம் திருப்பிப் பாக்கணும்னு இருந்தம்மா?"

"முப்பது."

"எத்தனை ஆச்சு?"

"ரெண்டு."

அவர் எழுந்து நின்றார்.

"நான் வேணும்னு பண்ணல தாயி."

"தெரியும் அண்ணாச்சி. என் குறிப்பு மறுபடி போயிரக் கூடாதுன்னுதான செஞ்சிய."

அவள் ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அந்தப் பதில்தான் அவரை உலுக்கிவிட்டது.

நஸ்ரீன் திரையைப் போட்டாள். "பழையபடி மாத்துங்க."

மாற்றுவதற்கு ஒரே வரி போதுமாக இருந்தது. கோடுகள் போய் இடைவெளிகள் வந்தன. இசக்கி தன் இடத்தில் உட்கார்ந்தாள். அவள் விரல் அம்புக்குறியில் தட்தட்தட்டென்று இறங்கி ஓர் இடத்தில் நின்றது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவள் உதடுகள் பாண்டியர்களை ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தன.

சவரிமுத்து சுவரிலிருந்த தாளைக் கிழித்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஆனாலும் மனசு ஆறவில்லை. வியாழக்கிழமை எழுதிய புரோகிராமைத் திறந்தார்.

"இதை மறுபடி ஓட்டினா மறுபடியும் உடைக்குமே டீச்சர்."

நஸ்ரீன் குனிந்து, ஃபோல்டரின் பெயர் வரும் இடத்தில் முன்னால் ஒரு மேற்கோள் குறி போட்டாள். பின்னால் ஒன்று போட்டாள்.

"இனி உள்ள எத்தனை இடைவெளி இருந்தாலும் மிஷினுக்கு அது ஒத்தப் பேருதான்."

"இவ்வளவுதானா?"

"இந்த வரிக்கு இவ்வளவுதான். இப்படிப் பேர் வார இடம் இதுல எத்தனை இருக்கு?"

அவர் விரல் வைத்து எண்ணினார். "பதினேழு."

"பதினேழுலயும் போடணும். இனி எழுதுற ஒவ்வொண்ணுலயும் போடணும். ஒரு இடத்துல மறந்தாலும் வியாழக்கிழமை கதைதான்."

சவரிமுத்துவுக்கு மலைப்பாக இருந்தது. விதியை ஒரு தடவை எழுதி ஒட்டிவிட்டு நிம்மதியாக இருந்தே பழகிய மனுஷன்.

"அப்போ காலம் பூரா நானே நெனப்பு வச்சுப் போட்டுக்கிட்டே இருக்கணுமா? நாம இப்படிப் போடுதோம்னு அந்த மிஷினுக்கும் தெரியப் போறதில்ல. இந்தப் பிள்ளைக்கும் தெரியப் போறதில்ல."

நஸ்ரீன் மூலையைப் பார்த்தாள். இசக்கி அடுத்த பாடத்துக்குப் போயிருந்தாள்.

"மிஷினுக்குத் தெரியாது அண்ணாச்சி. இசக்கிக்குத் தெரிய வேண்டாம். அதுக்குத்தான நம்மள இங்க உக்கார வச்சிருக்கு."