வராதீங்க என்றவள்

தீர்ப்புச் சொல்ல ஆசைப்படுகிறவர்கள் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். கதை முடியும்வரை மட்டும் வாயைத் திறக்கக் கூடாது.

சேவுகனுக்கு இருபத்தெட்டு வயதில் இதயத்தில் செயற்கை வால்வு வைத்தார்கள். இரண்டு சின்னக் கதவுகள் திறந்து மூடும் வால்வு அது. மூடும்போதெல்லாம் கடிகாரம் மாதிரி சத்தம் வரும். அவன் மஸ்கட்டில் கிடங்கு வேலைக்குப் போன பிறகு, மனைவி மீனாள் சிவகங்கையிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் கூப்பிடுவாள். பேசி முடித்ததும் அவன் போனை நெஞ்சில் வைக்க வேண்டும். அந்தச் சத்தத்தைக் கேட்டால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். அவன் போன பிறகு பிறந்த பெண்ணுக்கு எட்டு மாதமாகிவிட்டது. அவன் இன்னும் தூக்கியதில்லை.

ஒருவழியாக விடுப்பு கிடைத்தது. சனிக்கிழமை விமானம். வெள்ளியன்று போனை நெஞ்சில் வைத்தான். மீனாளுக்குச் சத்தமே கேட்கவில்லை. துருவித் துருவிக் கேட்டாள். பல் பிடுங்குவதற்காக, ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரையை நிறுத்தியிருக்கிறான். ஊருக்குப் போகும் குஷியில் மறுபடி தொடங்கவே இல்லை. இப்போது மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதாம்.

"வராதீங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க," என்றாள் மீனாள்.

"படுத்தா லீவு போயிரும்டி. அடுத்த லீவு ஒரு வருசம் கழிச்சுத்தான். பிள்ளையப் பாத்துட்டு மதுரையில காட்டிக்கிறேன்."

அவனுடைய அறைத்தோழர் இன்னாசியை அவள் போனில் கூப்பிட்டுக் கெஞ்சினாள். அவர் சேவுகனின் பாஸ்போர்ட்டை எடுத்து ஒளித்துவைத்துவிட்டு, அவனை வலுக்கட்டாயமாக டாக்ஸியில் ஏற்றினார். எக்ஸ்ரே திரையில் வால்வின் ஒரு கதவு அசையாமல் நின்றது. ரத்தக்கட்டி ஒட்டியிருந்தது. கரைக்கும் மருந்தை நரம்பு வழியாக மெதுவாக ஏற்றினார்கள். மறுநாள் கதவு அசைந்தது. விமானம் அதற்குள் போய்விட்டது, விடுப்பும் போயிற்று. சேவுகன் ஒரு மாதம் மீனாளிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. உனக்கு என்னைப் பார்க்க ஆசையே இல்லை என்று மட்டும் ஒருமுறை சொன்னான்.

இப்போது சொல்லுங்கள்: உயிர் போனாலும் வருவேன் என்று நின்றவன், வராதீங்க என்றவள், இந்த இருவரில் யாருடைய ஏக்கம் பெரியது?

விடை: மீனாளுடையதுதான். அவன் ஒருநாள் பார்த்தால் போதும் என்று துடித்தான். அவளுக்கு அவன் ஆயுசு முழுக்க வேண்டியிருந்தது. அதற்காகக் கைக்கெட்டிய நாளையே வேண்டாமென்றாள். ஆனாலும் சேவுகனைத் திட்டாதீர்கள், பெற்ற பிள்ளையைப் போனில் மட்டுமே பார்த்தவன் அவன். அடுத்த வருஷம் அவன் வந்து இறங்கியபோது பெண் நடந்துகொண்டிருந்தாள். யாரோ என்று பயந்து, அழுதுகொண்டே அம்மாவிடம் ஓடினாள். மீனாள் அவளைத் தூக்கி அவன் கையில் கொடுத்துவிட்டு, அப்போதுதான் உட்கார்ந்து அழுதாள்.